பிள்ளை பார்க்கும் வீட்டில் ஒரு தாள்

விடியுமுன்னரே டார்ம்ஸ்டாட்டில் எம்மவர் பலர் துப்புரவுப் பணிக்கும் உணவகச் சமையலறைக்கும் புறப்பட்டு விடுகின்றனர். பிள்ளைகளை அயலில் வாழும் எம்மினத்து அம்மா ஒருவர் பொறுப்பேற்கிறார். சோறூட்டுகிறார், தமிழ் பேசுகிறார். பெற்றோருக்கு இதைவிட ஆறுதல் வேறில்லை. ஆயினும் ஒரு கேள்வியை நாம் கேட்பதில்லை. பிள்ளைக்கு ஆபத்து நேர்ந்தால், டொச் அறியாத அந்த அம்மா என்ன செய்வார்?

பெற்றோரின் வீட்டுக்கு வெளியே, ஊதியத்துக்கு, வாரம் 15 மணித்தியாலத்துக்கு மேலாக, மூன்று மாதங்களுக்கு அதிகமாகப் பிள்ளை பராமரிப்பவர் இளைஞர் நலப் பணிமனையின் அனுமதி பெறவேண்டும் என்பது ஜேர்மனியச் சட்டம். அனுமதி கேட்பவரின் வீடு பார்க்கப்படும். முதலுதவிப் பயிற்சியும் கேட்கப்படும். அனுமதியின்றி நடக்கும் வீட்டை எவரும் வந்து பார்ப்பதில்லை. ஆகவே முதலில் அனுமதியை நாடுவோம். ஒரு சில மணிநேரம் மட்டும் பார்க்கும் வீடுகளில் அப்பொறுப்பு முழுவதும் எம்முடையதே.

உதவி தாமதித்தால் என்ன நேரும் என்பதை இந்நாடும் துயரத்தோடுதான் கற்றது. 1969ஆம் ஆண்டு மே மாதம் வின்னென்டன் நகரில் பியோர்ன் ஸ்டைகர் என்ற எட்டு வயதுச் சிறுவனை வாகனம் மோதியது. நோயாளர் வண்டி வர ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் சென்றது, சிறுவன் இறந்தான். அவனது பெற்றோரின் அயராத முயற்சியால், 110, 112 எனும் இலக்கங்களை நாடெங்கும் கொண்டுவர 1973இல் முடிவாயிற்று. இலக்கம் இன்று எமக்கும் உண்டு. பேசும் சொற்கள்தாம் இல்லை.

ஆகவே ஒரு தாளை எடுப்போம். வீட்டு முகவரி, மாடி, அழைப்புமணியில் உள்ள பெயர் ஆகியவற்றைத் தமிழ் எழுத்திலும் டொச்சிலும் எழுதுவோம். கீழே மூன்று சொற்றொடர்கள்: தீயென்றால் "எஸ் பிறென்ற்", பிள்ளை மூச்சுவிடவில்லையென்றால் "கின்ட் ஆட்மெற் நிஹ்ற்", நஞ்சென்றால் "ஃபெர்கிஃப்ருங்". தீக்கும் நோய்க்கும் 112. மறுமுனையில் இருப்பவர் முடிக்கும்வரை தொலைபேசியை வைக்கக்கூடாது. சிம் அட்டை இல்லாத பழைய கைபேசியில் 2009 முதல் இந்நாட்டில் 112 இயங்குவதில்லை என்பதையும் நினைவிற் கொள்வோம்.

மருந்தையோ சலவைத் திரவத்தையோ பிள்ளை விழுங்கினால் வாந்தியெடுக்கச் செய்யலாகாது. ஹெசன் மாநிலத்துக்கும் சேவையாற்றும் மைன்ஸ் நகர நஞ்சுத் தகவல் நிலையத்தின் இலக்கம் 06131 19240. இரவும் பகலும் பேசலாம். பிள்ளை மயங்கினால் 112ஐயே அழைக்கவேண்டும். தீக்காயத்தில் பற்பசை பூசலாகாது. படிக்கட்டில் புகை நிறைந்திருந்தால் வெளியே ஓடாது, கதவை மூடி யன்னலருகே நின்று உதவி கேட்கவேண்டும். பிள்ளைகள் உறங்கும் அறையில் புகை எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்பது ஹெசனில் சட்டம். அது இயங்குகிறதா எனப் பொத்தானை அழுத்திப் பார்ப்போம்.

"விசா முடிவாகவில்லை, செலவு வருமே" எனத் தயங்குவோரும் எம்மிடையே உளர். 112 அழைப்பு இலவசம். கடும் நோய்க்கான மருத்துவ உதவி, அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவருக்கும் சட்டப்படி உண்டு.

நாளை காலை பிள்ளையை ஒப்படைக்கும்போது அந்தத் தாளையும் அம்மாவின் கையில் கொடுப்போம். அவர் அதை ஒருமுறை உரத்து வாசிக்கும்வரை வாசலில் காத்திருப்போம். பேருந்து ஒன்று தவறினால் அடுத்தது வரும்.