காலிமந்தானில் புகை, சென்னையில் வெள்ளம்

2015 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சுமத்ராவும் போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான காலிமந்தானும் எரிந்துகொண்டிருந்தன. புகைமூட்டம் கடல் தாண்டி வந்து சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிக்கூடங்களை மூட வைத்தது. அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதி சென்னையில் மழை கொட்டித் தீர்த்தது. அடையாறு கரை புரண்டு ஊருக்குள் வந்தது. அங்கே மழை இல்லாமல் காடு பற்றியது, இங்கே மழை தாங்காமல் நகரம் மூழ்கியது. சென்னை வெள்ளத்துக்கு ஏரி நிர்வாகம், ஆக்கிரமிப்பு என்று உள்ளூர்க் காரணங்கள் நிறைய உண்டு. ஆனாலும் இரண்டு பேரிடர்களுக்கும் பின்னணியில் பொதுவாக ஒன்று இருந்தது. பசிபிக் கடலின் வெதுவெதுப்பான நீர் அந்த ஆண்டு வழக்கமான இடத்தை விட்டு நகர்ந்திருந்தது.

அந்த வழக்கமான இடம் எது? இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், நியூ கினி என்று இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டமும் அதைச் சுற்றியுள்ள கடலும்தான். இந்தோனேசியாவில் மட்டும் 17,000 தீவுகளுக்கு மேல். பிலிப்பைன்ஸில் 7,600க்கு மேல். உலகின் மிகப் பெரிய தீவுகளில் இரண்டாவதும் (நியூ கினி) மூன்றாவதும் (போர்னியோ) இங்கேதான் இருக்கின்றன. சார்லஸ் ரேமேஜ் என்ற வானிலை ஆய்வாளர் 1968இல் இந்தப் பகுதிக்குக் 'கடல்சார் கண்டம்' என்று பெயர் வைத்தார். நிலத்தைவிடக் கடல் அதிகம் உள்ள இடத்தைக் கண்டம் என்பது விசித்திரம்தான். ஆனால் காற்றுமண்டலத்தைப் பொறுத்தவரை இது ஒரு கண்டம் அளவுக்கு வேலை செய்கிறது.

பசிபிக் கடலின் வெப்பமண்டலப் பகுதியில் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்கே வீசுகிறது. வெயிலில் சூடேறிய மேற்பரப்பு நீரை அது தள்ளிக்கொண்டு வந்து இந்தத் தீவுகளின் பக்கம் சேர்க்கிறது. இங்கே கடலின் மேற்பரப்பு பெரும்பாலும் 28 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். உலகப் பெருங்கடல்களில் இத்தனை பெரிய பரப்பில் இத்தனை சூடான நீர் வேறெங்கும் இல்லை. உலகக் காற்றோட்டத்துக்கு இது ஓர் உலை. ஈரக்காற்று இங்கிருந்து மேலே எழும்புகிறது, மழையைக் கொட்டுகிறது, உயரத்தில் கிழக்கே போய்த் தென் அமெரிக்கக் கரையருகே இறங்குகிறது, பிறகு கடலை ஒட்டியே திரும்பி வருகிறது.

இந்தச் சுழற்சிக்கு வாக்கர் சுழற்சி என்று பெயர். கில்பர்ட் வாக்கர் 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்தவர். பருவமழை பொய்த்துப் பஞ்சம் வந்த நாட்டில், அடுத்த ஆண்டு மழை எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழி தேடுவது அவருடைய வேலை. கணிதம் படித்த மனிதர். உலகமெங்குமிருந்து வந்த காற்றழுத்தக் கணக்குகளை அடுக்கிவைத்துப் பார்த்தபோது, பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குவதையும், இங்கே ஏறினால் அங்கே இறங்குவதையும் கண்டார். பருவமழையைக் கணிக்கும் அவருடைய ஆசை முழுதாக நிறைவேறவில்லை. எல் நினோவைப் புரிந்துகொள்ளும் பாதை மட்டும் அங்கிருந்துதான் தொடங்கியது.

எல் நினோ ஆண்டில் வியாபாரக் காற்று தளர்கிறது. சூடான நீர் பசிபிக்கின் நடுப்பகுதிக்கும் கிழக்குக்கும் நகர்கிறது. மழையும் அதன் பின்னாலேயே போய்விடுகிறது. தீவுகளின் மேல் காற்று எழும்புவதற்குப் பதிலாகக் கீழே அமுங்குகிறது; வறட்சி. நமக்கு இதில் இரண்டு பக்கமும் உண்டு: இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறைகிறது, தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை கூடும் வாய்ப்பு அதிகமாகிறது. 2015இல் அப்படித்தான் நடந்தது.

வெயில் குறைவு, வேர்வை அதிகம்

பூமத்திய ரேகைக்கு அருகே போகப் போக வெயில் கொளுத்தும் என்பது பள்ளிப் பருவத்திலிருந்து நம் மனத்தில் ஊறிய எண்ணம். சிங்கப்பூர் அந்த ரேகையிலிருந்து ஒன்றரை டிகிரிக்குள் இருக்கிறது. அங்கே பதிவான உச்ச வெப்பம் 37 டிகிரி. சென்னை 2003இல் 45 டிகிரியைத் தொட்டது. சிங்கப்பூரில் மிகச் சூடான மாதத்துக்கும் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரி வித்தியாசம் 2 டிகிரிக்குள்தான்; சென்னையில் 7, 8 டிகிரி. நாற்புறமும் கடல், பிற்பகலானால் மேகம். வெப்பம் ஒரு வரம்புக்கு மேல் ஏற முடிவதில்லை, ஆனால் இரவிலும் இறங்குவதில்லை. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வேர்வை உலராது. 32 டிகிரியே அங்கே போதும் போதும் என்றாகிவிடும்.

ஆகவே அங்கே காலத்தைப் பிரிப்பது மழைதான். அதிலும் ஊருக்கு ஊர் கணக்கு வேறு. மலேசியாவின் கிழக்குக் கரையில் கிளந்தான், திரங்கானு மாநிலங்களுக்கு நவம்பர் முதல் வடகிழக்குக் காற்றில் பெருமழை. நமக்கு ஐப்பசி கார்த்திகையில் மழை தரும் அதே காற்று, அங்கே தென்சீனக் கடலைக் கடந்து ஈரம் சுமந்து வருகிறது. 2014 டிசம்பரில் கிளந்தான் கண்ட வெள்ளத்தை அங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. ஜாவாவுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழைக்காலம்; மே முதல் செப்டம்பர் வரை ஆஸ்திரேலியப் பக்கமிருந்து வறண்ட காற்று. ஜகார்த்தா காய்ந்து கிடக்கும் ஜூன், ஜூலையில் மலுக்குத் தீவுகளின் அம்போன் நகரில் மழை உச்சத்தில் இருக்கும். அதே தென்கிழக்குக் காற்று பாண்டா கடலில் ஈரத்தை வாரிக்கொண்டு அங்கே மலையில் மோதுவதுதான் காரணம். சுலவேசித் தீவில் பாலு என்ற ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இருபுறமும் மலை மறைப்பதால் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான்; சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. தென்கிழக்கே திமோருக்குப் போனால் புல்வெளியும் பனைமரமுமாக நிலமே வேறு.

ஒரு நாளுக்குள்ளும் மழைக்கு நேரம் உண்டு. பகலில் நிலம் சீக்கிரம் சூடேறுகிறது. கடற்காற்று எல்லாக் கரைகளிலிருந்தும் தீவின் நடுவுக்குப் பாய்ந்து மலையருகே மோதி எழும்புகிறது. பிற்பகலில் இடியுடன் மழை. ஜாவாவில் மலையடிவாரத்தில் உள்ள போகோர் நகரை 'மழை நகரம்' என்றே சொல்வார்கள். இரவில் கதை தலைகீழ். நிலம் குளிர்கிறது, காற்று நிலத்திலிருந்து கடலுக்கு ஓடுகிறது. மலாக்கா நீரிணை போன்ற குறுகிய கடலில் சுமத்ராவின் காற்றும் மலேசியத் தீபகற்பத்தின் காற்றும் நேருக்கு நேர் வந்து முட்டுகின்றன. விடியற்காலையில் அங்கிருந்து கிளம்பும் இடிமழை வரிசைக்கு 'சுமத்ரா' என்றே பெயர். சிங்கப்பூரிலும் கோலாலம்பூர்ப் பக்கத்திலும் காலை நேரத்தில் திடீரென இருட்டிக் காற்றோடு மழை அடித்தால் பெரும்பாலும் அதுதான்.

கணினி மாதிரிகள் தடுமாறுவது இங்கேதான். உலக வானிலை மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. கட்டம் 100 கிலோமீட்டர் அகலம் என்றால், ஜாவாவின் அகலமே ஒன்றரைக் கட்டம்தான். மலை, கரை, நீரிணை எல்லாம் ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடும். இங்கே மழையைத் தவறாகக் கணக்கிட்டால் வெளியாகும் வெப்பமும் தவறாகும். அந்தப் பிழை உலகம் முழுக்கப் பரவும்.

ஆழமும் மேடும்

இந்தக் கடல் முழுக்க ஒரே மாதிரி இல்லை. ஜாவா கடலின் சராசரி ஆழம் 50 மீட்டர்கூட இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தபோது சுமத்ரா, ஜாவா, போர்னியோ மூன்றும் மலேசியத் தீபகற்பத்தோடு ஒட்டிய ஒரே நிலம். யானையும் புலியும் காண்டாமிருகமும் தீவுகளுக்கு நடந்தே வந்தன. அந்த நிலத்தில் ஓடிய ஆறுகளின் தடங்கள் இன்றும் கடலடியில் தெரிகின்றன. கிழக்கே பாண்டா கடலில் ஆழம் 7 கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

பாலித் தீவுக்கும் லொம்போக்குக்கும் இடையே உள்ள நீரிணை குறுகலானது, ஆனால் ஆழமானது. பனியுகத்திலும் அது வற்றவில்லை. 1856இல் அதைக் கடந்த ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ், பாலியில் ஆசியப் பறவைகளையும் லொம்போக்கில் ஆஸ்திரேலிய வகைக் கொண்டைக்கிளிகளையும் கண்டு வியந்தார். பாலி, லொம்போக் நடுவே தொடங்கி வடக்கே மகாசார் நீரிணை வழியாகப் போகும் அந்த எல்லை இன்று வாலஸ் கோடு.

விலங்குகளைப் பிரித்த அதே ஆழம்தான் இரு பெருங்கடல்களை இணைக்கும் வாய்க்காலும் ஆனது. மேற்கு பசிபிக்கின் மட்டம் இந்தியப் பெருங்கடலைவிடச் சற்று உயரம் என்பதால், சூடான நீர் மகாசார் நீரிணை வழியாகத் தெற்கே இறங்கி, லொம்போக், திமோர் பக்கமாக இந்தியப் பெருங்கடலுக்குள் வருகிறது. அளவு நொடிக்குச் சுமார் 150 லட்சம் கன மீட்டர். அமேசான் ஆறு கடலில் கொட்டும் நீரைப் போல 70 மடங்குக்கு மேல்!

எரிமலைகளையும் சொல்லாமல் விட முடியாது. இந்தோ-ஆஸ்திரேலியத் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் சுமத்ரா, ஜாவாவுக்கு அடியில் செருகிக்கொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று அந்தச் செருகலில் ஒரு பகுதி விடுபட்டு எழுந்த சுனாமியின் விலையை நாகப்பட்டினமும் மட்டக்களப்பும் கொடுத்தன. 1815இல் வெடித்த தம்போரா எரிமலையால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் வடகிழக்கிலும் கோடையே வரவில்லை, பயிர் பொய்த்தது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா வெடித்தபோது பறந்த சாம்பல், ஆந்திரத்தின் ஜ்வாலாபுரத்தில் மண்ணடுக்குகளுக்கு நடுவே இன்றும் கிடக்கிறது.

அழிக்கும் அதே சாம்பல் மண்ணுக்கு உரமும் ஆகிறது. ஜாவாவின் பரப்பு போர்னியோவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் ஜாவாவில் சுமார் 15 கோடிப் பேர் வாழ்கிறார்கள். போர்னியோவில் 3 கோடிகூட இல்லை. போர்னியோவில் புதுச் சாம்பல் விழுவதில்லை, ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை மண்ணின் சத்தை அலசிக்கொண்டு போய்விடுகிறது. அடர்ந்த காடு இருக்கிறதே, மண் வளமாகத்தானே இருக்கும் என்று நினைப்பது இயல்பு. அங்கே சத்து மண்ணில் இல்லை, மரங்களில் இருக்கிறது. மரத்தை வெட்டினால் அதுவும் போய்விடும்.

இந்தத் தப்புக் கணக்கைப் பெரிய அளவில் போட்டவர் அதிபர் சுகார்த்தோ. மத்தியக் காலிமந்தானின் சதுப்புக் காட்டில் 10 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைவிக்கும் திட்டத்தை 1996இல் தொடங்கினார். அந்த நிலத்தில் இருப்பது மண்ணே அல்ல, பீட். நீரில் ஊறியதால் மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இலையும் வேரும் கிளையும். சில இடங்களில் 10 மீட்டருக்கு மேல் ஆழம். ஈரமாக இருக்கும்வரை அது எரியாது. கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். நெல் விளையவில்லை. 1997இல் எல் நினோ வந்தது, காய்ந்த பீட் தரைக்கடியிலேயே கனன்று எரிந்தது. பிறகு எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காகவும் சதுப்புகள் வடிக்கப்பட்டன. 2015இல் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. இந்தோனேசியாவுக்கு 1,600 கோடி டாலர் இழப்பு என்று உலக வங்கி மதிப்பிட்டது. எல் நினோ மீது பழி போடுவது எளிது. எல் நினோ அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக வந்து போகிறது. அந்தக் கால்வாய்கள்தான் புதியவை.

நம் பக்கத்துக்கு வரும் கயிறு

இந்தத் தீவுகளோடு நமக்குள்ள பழைய உறவும் காற்றால் வந்ததுதான். தென்மேற்குக் காற்றில் கிழக்கே போன நம் கலங்கள், வடகிழக்குக் காற்று தொடங்கும்வரை அங்கே காத்திருந்துதான் திரும்ப முடியும். அப்படிக் காத்திருந்த துறைமுகங்கள் வளர்ந்தன; கடாரமும் அவற்றில் ஒன்று. 1025இல் ராஜேந்திர சோழன் படையெடுத்ததும் மலாக்கா நீரிணைப் பக்கம்தான். கற்பூர வணிகம் நடந்த சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது.

இன்றைக்கு நம்மைத் தொடும் கயிறு 'எம்.ஜே.ஓ.' என்ற மேடன்-ஜூலியன் அலைவு. 1971இல் ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்ற இருவர் கண்டறிந்தது. மழைமேகக் கூட்டம் ஒன்று இந்தியப் பெருங்கடலில் உருவாகி, மெதுவாகக் கிழக்கே நகர்ந்து, 30 முதல் 60 நாட்களில் பூமியைச் சுற்றிவிடுகிறது. அது நம் பக்கக் கடலில் இருக்கும்போது வங்கக் கடலில் தாழ்வுநிலைகள் உருவாக வாய்ப்பு கூடுகிறது. அங்கிருந்து கிழக்கே போய்த் தீவுகளில் முட்டும்போது கணிசமான அலைவுகள் உடைந்துபோகின்றன. மலைகளும், தீவுகளின் அன்றாட மழையும் அதன் வலுவைக் குறைத்துவிடுகின்றன என்பது பரவலான விளக்கம்.

இன்னொன்று இந்தியப் பெருங்கடலின் இருமுனை நிலை. 1999இல்தான் அதற்குப் பெயர் வந்தது. சில ஆண்டுகளில் சுமத்ராவின் மேற்குக் கரையோரம் கடல் குளிர்ந்து, ஆப்பிரிக்கப் பக்கம் சூடாகிறது. 2019இல் அது மிக வலுவாக இருந்தபோது இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் காய்ந்து எரிந்தன, கிழக்கு ஆப்பிரிக்காவில் வெள்ளம் வந்தது.

இவ்வளவு இருந்தும் நம் தொலைக்காட்சிகள் வானிலைச் செய்தியில் காட்டும் வரைபடம் அந்தமானோடு முடிந்துவிடுகிறது. தாழ்வுநிலை உருவான பிறகுதான் அது அந்தப் படத்துக்குள் வரும். ஐப்பசியில் மழை எப்படி என்று அறிய விரும்புகிறவர்கள் செயற்கைக்கோள் படத்தை இன்னும் கிழக்கே நகர்த்தி, சுமத்ராவுக்கும் நியூ கினிக்கும் நடுவே மேகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். இந்திய வானிலைத் துறை வெளியிடும் நீண்டகால முன்னறிவிப்பில் எல் நினோ, இருமுனை நிலை இரண்டைப் பற்றியும் தனித்தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள். அந்த இரண்டு பத்திகளையும் விடாமல் படியுங்கள்.