கேத்தர்பால் திடல்

புனே நகரத்திலிருந்து தென்மேற்கே சென்றால் கடக்வாஸ்லா ஏரியும், அதனருகே தேசியப் பாதுகாப்பு அகாடமியும் வரும். முப்படைகளிலும் அதிகாரிகளாகப் போகும் இளைஞர்கள் மூன்றாண்டுகள் அங்கே பயில்கின்றனர். பயிற்சி முடித்து வெளியேறும் நாளில் அவர்கள் அணிவகுத்து நடக்கும் பரந்த திடலுக்குக் கேத்தர்பால் திடல் என்று பெயர். பெயரைக் கேட்போர், யாரோ ஒரு பழைய சேனாதிபதி போலும் என்று எண்ணக்கூடும். அவர் சேனாதிபதி அல்லர். ராணுவத்தில் அவர் அதிகாரியாக இருந்ததே ஆறு மாதங்கள்தாம்.

அருண் கேத்தர்பால் 1950 அக்டோபர் 14ஆம் நாள் புனேயிலேயே பிறந்தவர். தந்தையார் ராணுவப் பொறியியல் படையில் அதிகாரி. குடும்பத்தின் பூர்விகமோ, பிரிவினையின்போது பாகிஸ்தானுக்குப் போய்விட்ட சர்கோதா. அருண் 1967இல் கடக்வாஸ்லாவில் சேர்ந்தார். பிறகு டேராடூனில் பயின்று, 1971 ஜூன் 13 அன்று பூனா ஹார்ஸ் என்னும் படைப்பிரிவில் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். 1817இல், பேஷ்வா காலத்தில், குதிரைப்படையாகத் திரட்டப்பட்ட பிரிவு அது. குதிரைகள் போய் டாங்கிகள் வந்த பின்னும் பெயர் மாறவில்லை. 1965 யுத்தத்தில் அதற்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் தாராபூர் செப்டம்பர் 16 அன்று களத்தில் மாண்டு, பரம் வீர் சக்கரம் பெற்றிருந்தார்.

யுத்தம் மூண்டபோது அருண் அகமத்நகரில் டாங்கிப் படைப் பயிற்சியில் இருந்தார். பயிற்சியைப் பாதியில் நிறுத்தி இளம் அதிகாரிகளைக் களத்திற்கு அழைத்தனர். வழியில் டில்லியில் வீட்டிற்குப் போனவர், கோல்ப் மட்டைகளையும் விருந்துக்குரிய உடுப்பையும் எடுத்து வைத்துக்கொண்டாராம். லாகூரில் ஆடலாம், வெற்றி விருந்துக்கும் உடுப்பு வேண்டுமே என்பது அவர் கணக்கு. 21 வயதுப் பிள்ளை வேறு எப்படிப் பேசுவான்!

அவர் போய்ச் சேர்ந்த களம் ஷக்கர்கட் பகுதி. ஜம்முவைப் பஞ்சாபுடன் இணைக்கும் சாலையை நோக்கிப் பாகிஸ்தானின் நிலம் அங்கே பிதுங்கி நிற்கிறது. அந்தச் சாலை அறுந்தால் ஜம்மு தனித்துப் போகும். ஆகவே நமது படை முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தது. குறுக்கே பசந்தர் ஆறு. அதனைச் சுற்றிலும் கண்ணிவெடிகள். டிசம்பர் 15 இரவு காலாட்படை மறுகரையில் காலூன்றிவிட்டது. ஆனால் எதிரியின் டாங்கிகளைக் காலாட்கள் எவ்வளவு நேரம் தடுப்பார்கள்? கண்ணிவெடிகளை அகற்றும் வேலை முடியுமுன்பே பூனா ஹார்ஸ் டாங்கிகள் அவற்றினூடே புகுந்து கடந்தன.

மறுநாட்காலை ஜர்பால் என்னுமிடத்தில், புகைத்திரையின் மறைவில் எதிரி டாங்கிகள் பெருந்திரளாக வந்தன. எதிர்நின்ற நம் டாங்கிகளுள் ஒன்று அடிபட்டது. மற்றொன்றின் பீரங்கி பழுதாயிற்று. அருணின் டாங்கி, ‘ஃபமகுஸ்தா’ என்று பெயரிடப்பட்டது, அதுவும் அடிபட்டுத் தீப்பற்றியது. அதைவிட்டு இறங்குமாறு ரேடியோவில் உத்தரவு வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்பதே அவருடைய பதில். அந்தச் சண்டையில் எதிரி இழந்த பத்து டாங்கிகளில் நான்கு அவர் வீழ்த்தியவை. இரண்டாம் முறை அடிபட்டபோது அவர் உயிர் பிரிந்தது. அன்று மாலை டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மேற்கே மறுநாளிரவு பீரங்கிகள் ஓய்ந்தன.

அரசாங்க வாசகங்களைத் தமிழாக்குவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, விருதுக் குறிப்புகளைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உண்டு. ஈடற்ற தீரம், தன்னலமற்ற தியாகம் என்று தொடக்கத்திலும் முடிவிலும் வரும் தொடர்கள் எவருக்கும் பொருந்துவன; ஒரு குறிப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி வைத்தாலும் குற்றமில்லை. அவனை இன்னான் என்று காட்டுபவை நடுவில் உள்ள நாலைந்து வரிகள்தாம்: எந்த ஊர், எத்தனை டாங்கி, எப்போது, என்ன சொன்னான். மேடைகளில் நாம் பெரும்பாலும் அடைமொழிகளைப் பிடித்துக்கொண்டு இவ்வரிகளைக் கைவிடுகிறோம்.

நம் முன்னோர் இதில் கருத்தாக இருந்தனர். நடுகல் எடுப்பதற்குக் காட்சி முதல் வாழ்த்து ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்துள்ளது. மாண்ட வீரன் கருந்தேவகத்தியின் பெயரோடு, அவனுடன் இருந்து காவல் செய்த கோவிவன் என்ற நாயின் பெயரையும் அக்கல் பொறித்திருக்கிறது. உடன் நின்ற உயிரை மறவாத நேர்மை அது. மராட்டிய நாட்டிலும் ஊர்ப்புறக் கோயில்களின் அருகே வீரக்கற்கள் உண்டு.

அந்த நேர்மையோடு பார்த்தால், ஃபமகுஸ்தாவில் இருந்தவர்கள் நால்வர் என்பதைச் சொல்லவேண்டும். பீரங்கியை இயக்கிய நாத்து சிங்கும், ஓட்டிய பிரயாக் சிங்கும் உயிர் பிழைத்தனர். ரேடியோவைக் கவனித்த சவார் நந்த் சிங் அங்கேயே இறந்தார். திடலுக்கு அவர் பெயர் இல்லை.

மகனுக்குப் பரம் வீர் சக்கரம் வந்து முப்பதாண்டுகள் சென்றபின், 2001இல், எண்பது கடந்த தந்தையார் பிரிகேடியர் கேத்தர்பால் சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் சென்றார். லாகூரில் அவரைத் தம் வீட்டில் வைத்து உபசரித்தவர் அந்நாட்டு ராணுவத்தின் பிரிகேடியர் நாசர். விடைபெறுமுன் நாசர் ஒரு செய்தியைச் சொன்னார்: ஜர்பாலில் எதிர்நின்ற 13ஆம் லான்சர்ஸ் படையில் தாம் இருந்ததாகவும், அருண் தம் கையால் மாண்டதாகவும். அந்த இளைஞனின் உறுதியை அவர் புகழ்ந்தும் பேசினார். அந்த இரவில் அம்முதியவரின் மனம் பட்ட பாட்டை மொழிபெயர்க்க என்னிடம் சொல் இல்லை. ஆயினும் இருவரும் பகைவராகப் பிரியவில்லை.

2025 மே 30 அன்று கேத்தர்பால் திடலில் நடந்த அணிவகுப்பில், அகாடமியின் வரலாற்றில் முதன்முறையாகப் பெண்கள் 17 பேர் பயிற்சி முடித்து வெளியேறினர். ஃபமகுஸ்தாவைப் போருக்குப்பின் மீட்டுச் செப்பனிட்டார்கள். அது இன்று புனேக்கு வடகிழக்கே, இப்போது அகில்யாநகர் எனப்படும் அகமத்நகரின் டாங்கிப் படை மையத்தில் நிற்கிறது. அருண் பயிற்சியைப் பாதியில் விட்டுப் புறப்பட்ட அதே ஊரில்.