வண்டித் தட்டில் தொடங்கும் கணக்கு

ஒலி வளர்த்த ஊர்கள் – 9

புதிதாக சவுண்ட் சர்வீஸ் தொடங்குகிற இளைஞர் கடைக்குள் நுழைந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை வாட்?" என்பதுதான். சென்னை ரிச்சி தெருவானாலும் பெங்களூரு எஸ்.பி. ரோடானாலும் பதில் தயாராக இருக்கும். பாக்ஸின் முதுகில் 2,000, 4,000 என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். சித்தூர், திருப்பதிக்காரர்களுக்கு இரண்டு சந்தைகளும் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம். அந்த எண்ணை நம்பிக் கடன் வாங்கி, ராத்திரியே சரக்கை ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறவர்கள் உண்டு.

வாட் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அளக்க வேண்டியது வண்டித் தட்டு.

2005-ல் வந்த டாடா ஏஸ், தமிழ் வாயில் 'குட்டி யானை', இந்தத் தொழிலையே மாற்றிவிட்டது. ஏறத்தாழ ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், முக்கால் டன் சுமை. இதற்குள் அடங்குவதுதான் ஒரு சிறிய டிஜே செட். 18 அங்குல ஒற்றை சப் ஊஃபர் ஒன்று 35 முதல் 50 கிலோ இருக்கும். இரட்டை 18 என்றால் 60 முதல் 90 கிலோ. அதைத் தூக்க நான்கு பேர் வேண்டும். மண்டபத்தின் மாடிப்படியில் அந்த நான்கு பேரும் திணறுவார்கள். நான்கு ஒற்றை சப், இரண்டு டாப், ஆம்ப் ரேக், ஸ்டாண்டு, கேபிள், லைட் என்று ஏற்றினால் ஒரு வண்டி, ஒரு நடை. இன்னும் நான்கு பெட்டி சேர்த்தால் இரண்டாவது வண்டி, இன்னொரு டிரைவர், கூடுதலாக இரண்டு ஆள். வாடகை மட்டும் அந்த அளவுக்கு ஏறாது.

சித்தூர், திருப்பதிப் பகுதியின் ஆண்டு முழுவதையும் பார்த்தால்தான் எந்த செட் பொருந்தும் என்பது புரியும். மே மாதம் திருப்பதியில் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வேஷம் கட்டிக்கொண்டு பக்தர்கள் தெருவில் வருவார்கள். சித்தூரிலும் அதே மாதத்தில் கங்கம்மா ஜாத்திரை உண்டு. ஆவணியில் விநாயக சதுர்த்தி. சித்தூரை ஒட்டியிருக்கும் காணிப்பாக்கத்தில் பிரம்மோற்சவம் அன்று தொடங்கி 21 நாள் நடக்கும். இவற்றுக்கிடையே கல்யாணங்கள், திருப்பதி மண்டபங்களுக்கு வெளியூரிலிருந்தெல்லாம் கல்யாணக் கோஷ்டி வரும். 1953 வரை சென்னை மாகாணத்தோடு இருந்த மாவட்டம் என்பதால் சித்தூர், நகரி, புத்தூர்ப் பக்கம் ஒரே பந்தலில் தமிழ்க் குத்துப் பாட்டும் தெலுங்குத் தீன்மாரும் மாறி மாறி ஓடும். நடுவில் பம்பைக்காரருக்கு மைக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆக, காலையில் சலவைக்கல் பதித்த மண்டபம், மாலையில் திறந்த தெரு. இரண்டுக்கும் அதே பெட்டிகள்தான் உழைத்தாக வேண்டும்.

இப்போது வாட்டுக்கு வரலாம். பெட்டிக்குள் இருக்கும் ஒரு ஸ்பீக்கர் டிரைவரின் தொடர்ச்சியான தாங்கு திறன் 500 வாட் என்றால், அதன் இரு மடங்கான 1,000-ஐ 'புரோகிராம்' என்றும், நான்கு மடங்கான 2,000-ஐ 'பீக்' என்றும் எழுதுவது உலக வழக்கம். ஒட்டப்பட்டிருக்கும் பெரிய எண் பெரும்பாலும் இந்தக் கடைசி எண்தான். அது டிரைவர் ஒரு கணம் தாங்கும் அளவு. எவ்வளவு சத்தம் வரும் என்பதை அது சொல்லாது.

சத்தத்தைச் சொல்லும் எண் வேறு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்ற அளவு அது. கடைகளில் சென்சிட்டிவிட்டி என்பார்கள். தகவல் தாளின் நடுவில் சின்ன எழுத்தில் கிடக்கும். 93 டெசிபல் பெட்டிக்கு 2,000 வாட் கொடுத்தால் 126 டெசிபல். 99 டெசிபல் பெட்டிக்கு வெறும் 500 வாட் கொடுத்தாலே அதே 126 வந்துவிடும். நான்கில் ஒரு பங்கு மின்சாரம் போதும். ஆம்ப் சிறியது, ஜெனரேட்டர் சிறியது, டீசல் செலவும் குறைவு. காசு கொடுத்து வாங்க வேண்டியது இந்த ஆறு டெசிபலைத்தான்.

மிச்ச மின்சாரம் எங்கே போகிறது? சூடாகிறது. 99 டெசிபல் தரும் நல்ல சப் கூட, கொடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கைத்தான் ஒலியாக்கும். மற்றதெல்லாம் காயிலில் வெப்பம். செம்புக் கம்பி சூடேறினால் அதன் தடை ஏறும். 200 டிகிரி கூடினால் முக்கால் மடங்கு கூடிவிடும். மே மாதத்துத் திருப்பதியில் நிழலிலேயே 40 டிகிரி. கறுப்புப் பெட்டி சாயங்காலம் வரை வெயிலில் நின்றபின் நிகழ்ச்சி தொடங்குகிறது. எட்டு மணிக்குக் கும்மென்று விழுந்த அடி ஒன்பதரைக்குத் தொய்ந்து போவதற்கு இதுதான் காரணம். ஆபரேட்டர் ஃபேடரை இன்னும் ஏற்றுவார். காயில் இன்னும் சூடாகும்.

எரிந்த ஸ்பீக்கரைச் சரிசெய்யும் ரீகோன் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. "அண்ணா, ஆம்ப் சின்னதுதானே, அப்புறம் ஏன் எரிஞ்சுது?" என்று பையன் கேட்பான். "சின்னதுங்கறதாலதான் எரிஞ்சுது தம்பி" என்பார் மெக்கானிக். அவர் சொல்வது உண்மை. 500 வாட் ஆம்ப்பை சிவப்பு விளக்கு அணையாமல் ஓட்டினால், அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகி, கிட்டத்தட்ட இரு மடங்கு வரை ஸ்பீக்கருக்குப் போகும். டாப்பில் இருக்கும் டயஃப்ரம்தான் முதலில் பலியாகும். டிரைவரின் தொடர்ச்சித் திறனைப் போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை ஆம்ப் வாங்கி, லிமிட்டரை ஒழுங்காகப் பூட்டி வைப்பது பத்திரமான வழி.

அதே கடையில் இன்னொன்றையும் பார்க்கலாம். பழைய டிரைவர் வாங்க வந்தவரிடம் மெக்கானிக் முதலில் ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியைக் கையில் எடுப்பார். பிளஸ்ஸைச் சிவப்பு முனையில் தொட்டால் கோன் முன்னால் வர வேண்டும். பின்னால் போனால், உள்ளே ஒயரை யாரோ மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். பிறகு இரண்டு கை விரல்களையும் கோனில் விரித்து வைத்து, நாலாபுறமும் சமமாக மெல்ல அழுத்துவார். உரசல் காதில் விழுந்தாலோ விரலில் தட்டுப்பட்டாலோ காயில் வளைந்திருக்கிறது என்று பொருள். குனிந்து காந்தத்தின் பின் துளையை மோந்தும் பார்ப்பார். எரிந்த வார்னிஷ் வாடை மாதக்கணக்கில் போகாது. செகண்ட்ஹேண்டில் தொடங்குகிறவர் இந்த மூன்றையும் செய்யாமல் பணம் கொடுக்கவே கூடாது.

பெட்டி விஷயத்தில்தான் இந்தப் பகுதியில் அதிகமாகக் காசு வீணாகிறது. பெரிய கம்பெனிப் பெட்டி ஒன்றை அளந்து, உள்ளூர் ஆசாரியிடம் 18 மில்லி பிளைவுட்டில் அதே மாதிரி செய்யச் சொல்கிறார்கள். பிறகு விலை குறைந்த வேறொரு டிரைவரை அதற்குள் பூட்டுகிறார்கள். மர வேலையில் குறை இருக்காது. ஒலி மட்டும் சேராது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-லும், அவருக்குப் பின் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் எழுதிய ஆய்வுகள் இதைக் கணக்காகவே வகுத்துவிட்டன: டிரைவரின் ஒத்ததிர்வு, அதன் தொங்கலின் இளக்கம், காந்தத்தின் பிடி ஆகியவற்றை வைத்துத்தான் பெட்டியின் கன அளவும் போர்ட்டின் நீளமும் தீர்மானமாகும். டிரைவர் மாறினால் பெட்டியும் மாற வேண்டும். தாளில் இந்த எண்களைத் தராத டிரைவரை வாங்காமலிருப்பதே நல்லது.

போர்ட் வைத்த சாதாரணப் பெட்டியா, ஸ்கூப்பா? தீன்மார் அடியும் பம்பையும் நெஞ்சில் இடிக்கும் இடம் ஏறத்தாழ 60 முதல் 120 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் ஸ்கூப், ஹார்ன் வகைகள் அதே வாட்டுக்கு அதிகம் தரும். தெரு ஊர்வலத்தையே நம்பித் தொழில் செய்கிறவர்கள் அவற்றை விரும்புவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவை வண்டித் தட்டை விழுங்கும். 40 ஹெர்ட்ஸில் டியூன் செய்த போர்ட் பெட்டி மண்டபத்துக்கும் தெருவுக்கும் பொதுவாக உதவும். ஒரே வண்டிக்காரருக்கு அதுவே போதும். ஒரு எச்சரிக்கை: டியூன் செய்த அளவுக்குக் கீழே போனால் உள்ளிருக்கும் காற்று கோனைத் தாங்காது. கோன் தறிகெட்டு ஆடிக் கிழியும். புதுப் பாட்டுகளில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் சரக்கு இருக்கிறது. பிராசஸரில் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது, டிரைவருக்கு ஆயுள் கூடும்.

டாப்புக்கு 12 அல்லது 15 அங்குலம், நல்ல கம்ப்ரஷன் டிரைவர், 90 டிகிரி ஹார்ன். தலைக்கு மேலே இருக்குமாறு கம்பத்தில் ஏற்ற வேண்டும். முன்வரிசையில் நிற்கும் உடம்புகளே மேல்சுரத்தைக் குடித்துவிடும். சப்புக்கும் டாப்புக்கும் நடுவே 90, 100 ஹெர்ட்ஸ் வாக்கில் பிரிக்கலாம். லிங்க்விட்ஸ், ரைலி என்ற இரு பொறியாளர்களின் பெயரில் பிராசஸரில் இருக்கும் 24 டெசிபல் வடிகட்டி இதற்குப் பொருத்தம். லைன் அரே ஆசை பலருக்கு உண்டு. 1992-ல் பிரெஞ்சுக்காரர் கிறிஸ்தியான் ஹைல் வி-டாஸ்க் மூலம் அதைப் பரப்பியது பெரிய மைதானங்களுக்காக. நீளமாகத் தொங்கினால்தான் அதன் குணம் வரும். பக்கத்துக்கு இரண்டு பெட்டி மாட்டுவதற்கு அந்தப் பணம் தேவையில்லை.

வைக்கும் இடம் இலவசம். அதில் கிடைக்கும் லாபத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. மேடையின் இரு பக்கமும் பாதிப் பாதியாக சப்பை அடுக்குவது கண்ணுக்கு அழகு. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ ஏழு மீட்டர். இரண்டு அடுக்குகளும் ஏழு மீட்டர் இடைவெளியில் நின்றால், நடுவிலிருந்து 30 டிகிரி விலகி நிற்பவருக்கு ஒன்றின் அலை மற்றொன்றை அடித்துக் காலி செய்துவிடும். நடுவில் நிற்பவர் காதைப் பொத்துவார், ஓரத்தில் நிற்பவர் பேஸ் பத்தவில்லை என்பார். எல்லா சப்பையும் ஒரே இடத்தில் ஒட்டி வைத்தால் இந்தச் சண்டை இல்லை. தனித்தனி ஆம்ப் உள்ள இரண்டு பெட்டிகள் சேர்ந்து நின்றால், ஒன்றைவிட ஆறு டெசிபல் கூடுதல்.

இனி சட்டம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டில் 15 நாள் வரை நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். அந்தத் தளர்வு செல்லும் என்று 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக மாநில அரசு அறிவிக்கலாம். திருப்பதியில் ரூயா, ஸ்விம்ஸ், பர்டு ஆஸ்பத்திரிகள் மூன்றும் அலிபிரிப் பக்கம் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்த வழியாக ஊர்வலம் ஒப்புக்கொள்ளும் முன் இதை யோசிக்க வேண்டும். குடியிருப்புப் பகுதியின் பகல் வரம்பு 55 டெசிபல். ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் அதைவிடப் பத்துதான் கூடலாம், அதாவது 65. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஆறு டெசிபல்தான் குறையும். முன்னே சொன்ன 126 டெசிபல் பெட்டியை முழுசாக ஓட்டினால் 32 மீட்டரிலும் 96 நிற்கும். எட்டு, பத்து பெட்டி அடுக்கி வீதி முழுக்க அதிரவிடுவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பதை இந்த இரண்டு எண்களே காட்டிவிடும்.

இதில் ஒரு நியாயமான குறை இருக்கிறது. விதி சொல்லும் அளவு மனிதக் காதை ஒட்டிய ஏ-அளவு. அது 50 ஹெர்ட்ஸ் ஒலியை 30 டெசிபல் குறைத்துக் காட்டும். மீட்டர் சாதுவாக இருக்கும்போதே பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி ஆடும், தொட்டில் குழந்தை விழிக்கும். ஆகவே மீட்டரை மட்டும் நம்பாமல் சப்பின் திசையையும் கவனிக்க வேண்டும். மூன்று சப்பில் நடுவில் உள்ளதைப் பின்பக்கம் திருப்பி, போலாரிட்டி மாற்றி, பிராசஸரில் சரியான தாமதமும் கொடுத்தால் பின்னால் போகும் பேஸ் பத்து டெசிபலுக்கு மேல் குறையும். சித்தூரின் ஒடுங்கிய தெருக்களில் மேடைக்கு முதுகாக இருக்கும் வீடுகளுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

வண்டியில் உயரமாக அடுக்குவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். 2024 ஆகஸ்டில் பீகாரின் ஹாஜிப்பூரில் யாத்திரைக்காரர்களின் டிஜே வண்டியே கம்பியில் பட்டுப் பல உயிர்கள் போயின. ஜாத்திரைத் தெருக்களிலும் கம்பி தாழ்ந்துதான் ஓடுகிறது. வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் அனுமதிப்பதில்லை.

ஆபரேட்டரின் காதும் கணக்கில் வர வேண்டும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, மூன்று டெசிபல் கூடக்கூடப் பாதி நேரம்தான் தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் கணக்கு. 100 டெசிபலில் அது 15 நிமிடம். ஜாத்திரை ஒரு வாரம் நடக்கிறது. நூறு ரூபாய்க்கும் குறைவான காதடைப்பான் மிக்சர் பக்கத்தில் எப்போதும் இருக்கட்டும்.

கையில் உள்ள பணத்தைப் பிரிக்கும்போது வரிசை இப்படி இருப்பது நல்லது. முதலில் நல்ல டாப் இரண்டு, ஏனென்றால் தாலி கட்டும் நேரத்தில் மைக் தெளிவாகக் கேட்க வேண்டும். அடுத்து, 98 டெசிபலுக்குக் குறையாத ஒற்றை 18 சப் இரண்டு, பிராசஸர், அளவான ஆம்ப். ஒரு சீசன் ஓடியபின் அதே மாடலில் இன்னும் இரண்டு சப். வேறு மாடல் கலந்தால் ஒன்றின் கட்டம் மற்றதோடு சேராது. அதற்குப் பின்னும் பணம் மிஞ்சினால் ஐந்தாவது பெட்டிக்குப் போகாமல் ஒரு உதிரி டிரைவரும் இரண்டு டயஃப்ரமும் வாங்கி வைக்கலாம். வைகாசி முகூர்த்தத்தில் ரீகோன் கடைக்காரரிடம் தேதி கிடைப்பது கஷ்டம்.

அடுத்த வாரம் ஜெனரேட்டர்: எத்தனை கே.வி.ஏ., எர்த் எங்கே அடிப்பது, மண்டபத்து மின்சாரத்தை ஏன் முதலில் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

(தொடரும்)