ஆட்டம் பிறக்கும் இடம்

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அன்னாசி, பலா, மிளகு முதலிய மலைவிளைபொருள்களை ஏற்றிக்கொண்டு சிறு சரக்கு வண்டிகள் இவ்வளைவுகளில் இறங்குகின்றன. நெடுங்காலம் உழைத்துத் தேய்ந்த பிக்கப் வண்டி ஒன்றின் ஸ்டீயரிங்கில் சிறு குறை இருந்தால், சமவெளியில் ஓட்டுநர் அதற்குப் பழகிவிடுவார். நேர்ச்சாலையில் அது பெரிதாகத் தோன்றுவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பி, உடனே மறுபக்கம் மீட்கவேண்டிய மலைச்சாலையிலோ அதே குறை உயிரைக் கேட்கும்.

குறை ஓட்டுநரின் கையில் தெரிகிறது. ஆனால் அது பிறக்கும் இடம் வேறு. கைவளையத்துக்கும் சாலையைத் தொடும் சக்கரத்துக்கும் இடையே நீண்டதொரு தொடர் உண்டு. முன்புறம் ஒரே நீள அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் அமைந்த பழைய வண்டியைச் சான்றாகக் கொள்வோம். கைவளையத்தைத் திருப்பினால் அதன் தண்டு சுழன்று ஸ்டீயரிங் பெட்டியை இயக்கும். பெட்டியிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம் முன்னும் பின்னும் அசையும். அது டிராக் லிங்க் என்னும் நீள்கம்பியைத் தள்ளும். அக்கம்பி ஒரு பக்கச் சக்கரத்தைத் திருப்ப, டை ராடு எனப்படும் குறுக்குக் கம்பி மறுபக்கச் சக்கரத்தையும் உடன் திருப்பும். இரு சக்கரங்களும் கிங் பின் என்னும் செங்குத்து முளைகளைச் சுற்றியே திரும்புகின்றன. இத்தொடரில் ஒவ்வோர் இணைப்பும் தேயக்கூடியது. ஒவ்வொன்றிலும் சிறிது தேய்ந்தாலும், அனைத்தும் கூடிக் கைவளையத்தில் பெரியதோர் ஆட்டமாக வெளிப்படும்.

வண்டி திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்வதால், உட்பக்கச் சக்கரம் கூடுதலான கோணத்தில் திரும்பவேண்டும். மியூனிக் நகரத்து வண்டி செய்பவரான கியார்க் லாங்கன்ஸ்பெர்கர் குதிரை வண்டிக்காக இதற்கோர் அமைப்பைக் கண்டார். அவர் சார்பில் ருடால்ஃப் அக்கர்மன் 1818இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். கண்டவர் ஒருவராக இருக்க, பெயர் மற்றவருக்கு நிலைத்துவிட்டது. டை ராடு வளைந்தாலோ அதன் நீளம் மாறினாலோ இக்கணக்குப் பிழைத்து, டயர்கள் சாலையில் உரசித் தேயும்.

தேர்ந்த மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கும் முன்னர் ஓட்டுநரிடம் வினவத் தொடங்குவார். ஸ்டீயரிங் வெறுமனே ஆடுகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா, நடுங்குகிறதா, இறுகுகிறதா? எந்த வேகத்தில்? பிரேக் பிடிக்கும்போதா, எப்போதுமா? சரக்கு இருக்கும்போதா, வெறும் வண்டியிலுமா? இவ்வினாக்களுக்கான விடைகளே தேடவேண்டிய எல்லையைப் பாதியாகக் குறைத்துவிடும். அடுத்து நான்கு டயர்களின் காற்றழுத்தம் பார்க்கப்படும். செலவில்லாத இச்சோதனையைத் தாண்டிச் சென்று, விலையுயர்ந்த உறுப்புகளை மாற்றிவிட்டு ஏமாந்தவர் பலர்.

குறைகளுள் பெரிதும் காணப்படுவது ஆட்டம். பட்டறை வழக்கில் இதனைப் ‘ப்ளே’ என்பர். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 98ஆம் விதி, கைவளையத்தில் இவ்வாட்டம் 30 பாகைக்கு மேற்படலாகாது என்கிறது. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள கைவளையத்தின் விளிம்பில் 30 பாகை என்பது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். சட்டம் வகுத்த இறுதி எல்லை அது; அதுவரை காத்திருக்கலாம் என்று பொருளன்று. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, அரை நொடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். கை அந்த வெற்றிடத்தைக் கடந்து சக்கரத்தை எட்டும் முன்னர் வண்டி எங்கே சென்றிருக்கும் என்பதை மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

ஆட்டம் பிறக்கும் இடத்தைக் காண இருவர் வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவேண்டும். சக்கரங்களின் மேல் வண்டியின் எடை இருக்கவேண்டுமாதலால் ஜாக்கி ஏற்றலாகாது. பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் என்ஜின் ஓடவேண்டும். ஒருவர் கைவளையத்தை இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாக அசைக்க, மற்றவர் தொடரின் ஒவ்வோர் இணைப்பிலும் விரல்களை வைத்துப் பார்ப்பார். ஓர் இணைப்பின் ஒரு பாதி அசைந்து, மறுபாதி சற்றுத் தாமதித்து அசைந்தால் தேய்வு அங்கே இருக்கிறது. கண் காணாத ‘டக்’ என்னும் மெல்லதிர்வை விரல் அறிந்துவிடும். இணைப்புகள் யாவும் செம்மையாக இருக்க, ஸ்டீயரிங் பெட்டியே சேசியின் மேல் அசைவதும் உண்டு. போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம், பழைய வண்டியானால் பெட்டி பொருந்திய இடத்தில் சேசியே விரிசல் கண்டிருக்கலாம். விரிசலின் ஓரத்தில் செந்நிறத் துருப்பொடி கோடுபோல் படிந்திருப்பது அதனைக் காட்டிக்கொடுக்கும்.

இச்சோதனையைச் செய்யாமல், பெட்டியின் மேலுள்ள திருகை முடுக்கி ஆட்டத்தைப் போக்குவது பரவலான குறுக்குவழி. அது ஏன் தீங்கானது என்பது பெட்டியின் உள்ளமைப்பை அறிந்தால் விளங்கும். இத்தகைய வண்டிகள் பலவற்றில் பெட்டிக்குள் திருகுத்தண்டு ஒன்றும் அதன்மேல் நகரும் நட்டு ஒன்றும் உள்ளன. இரண்டுக்கும் இடையே உருளும் எஃகுக் குண்டுகள் உராய்வைக் குறைக்கின்றன. நட்டின் புறத்தேயுள்ள பற்கள் குறுக்குத்தண்டின் பற்களைத் தள்ள, அத்தண்டு டிராப் ஆர்மை அசைக்கிறது. வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதி நேராகவே ஓடுகிறது. ஆகவே நடுவிலுள்ள பற்களே மிகுதியாகத் தேய்கின்றன. ஓரத்துப் பற்களில் தேய்வு குறைவு. நடுப்பற்களின் இடைவெளியை மூடும் அளவுக்குத் திருகை முடுக்கினால், தேயாத ஓரப்பற்கள் இறுகிக்கொள்ளும். நேர்ச்சாலையில் ஓட்டுநர் மகிழ்வார். கொண்டை ஊசி வளைவில் முழுவதும் ஒடிக்கும்போதோ ஸ்டீயரிங் பிடித்துக்கொள்ளும். வளைவு முடிந்தபின் தானாக நேருக்குத் திரும்பாது. தேய்ந்தது டை ராடு முனையாக இருந்தாலோ கேடு இரட்டிப்பாகும். பெட்டி இறுகியதால் ஆட்டம் குறைந்ததாகத் தோன்ற, குண்டு தன் கிண்ணத்தைவிட்டுக் கழலும் நாளை நோக்கி அம்முனை மேலும் தேய்ந்துகொண்டே இருக்கும்.

திருகை முடுக்கவே கூடாது என்பதில்லை. பிற இணைப்புகள் யாவும் செம்மையானவை என உறுதி செய்தபின், டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, தயாரிப்பாளர் குறித்த அளவுக்குச் சிறிதே முடுக்கலாம். பின்னர் ஓரம் முதல் ஓரம் வரை திருப்பி, எங்கும் பிடிக்கவில்லை என்று காணவேண்டும். அவ்வளவிலும் ஆட்டம் போகவில்லையெனில் பெட்டி தன் காலத்தை முடித்துக்கொண்டது.

அடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திச் சோதிப்பர். ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கு நிறுத்தி வைப்பது இன்றியமையாதது. சக்கரத்தைக் கடிகார முகமாகக் கருதினால், 12, 6 ஆகிய இடங்களைப் பற்றி உள்ளும் புறமும் அசைக்கும்போது தோன்றும் ஆட்டம் சக்கர பேரிங்கையோ கிங் பின்னையோ குறிக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. உடனிருப்பவர் பிரேக்கை மிதித்திருக்க மீண்டும் அசைத்தால், ஆட்டம் மறையுமாயின் பேரிங் தளர்ந்தது. மறையாவிடில் கிங் பின் தேய்ந்தது. 9, 3 ஆகிய இடங்களைப் பற்றும்போது மட்டும் ஆடினால் டை ராடு முனைகளை நோக்கவேண்டும்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால், முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றி ஓட்டிப் பார்ப்பர். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரினுடையது. மாறாவிடில், சற்றுத் தொலைவு ஓட்டியபின் சக்கரக் குடங்களின் வெப்பத்தை ஒப்பிடவேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கப் பிரேக் விடாமல் பிடிக்கிறது. பட்டை ஸ்பிரிங்கின் சென்டர் போல்ட் முறிந்து அச்சு ஒரு பக்கம் பின்னகர்ந்திருப்பதும் உண்டு. இருபக்கமும் முன், பின் சக்கர மையங்களுக்கு இடைப்பட்ட தொலைவை அளந்தால் அது புலப்படும். டயரின் மேற்பரப்பைக் குறுக்கே உள்ளங்கையால் தடவிப் பார்ப்பதும் பயனுடையது. ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் அரம்பப் பல்போலவும் இருந்தால், முன்சக்கரங்களின் நேரமைப்புப் பிழைத்துள்ளது.

குறிப்பிட்டதொரு வேகத்தில் தோன்றி, அதனைக் கடந்ததும் மறையும் நடுக்கம் பெரும்பாலும் சக்கரச் சமன்பாட்டுக் குறையே. பள்ளத்தில் இறங்கி எழுந்ததும் தொடங்கி, வேகம் தணியும்வரை ஓயாத நடுக்கம் வேறு வகை. இணைப்புகளின் தேய்வைக் காட்டும் அதனைப் புறக்கணித்தல் ஆகாது. ஸ்டீயரிங் கனமாக இருந்தால் முன்சக்கரங்களை உயர்த்தித் திருப்பிப் பார்ப்பர். அப்போதும் கனத்தால் டிராக் லிங்க்கைக் கழற்றி மீண்டும் திருப்புவர். கைவளையம் எளிதாகச் சுழன்றால் குறை கிங் பின்னில்; கனம் நீங்காவிடில் பெட்டியிலோ தண்டிலோ. கிரீஸ் காணாமல் காய்ந்த கிங் பின்னே இவற்றுள் அடிக்கடி அகப்படுவது.

ஸ்டீயரிங்கின் குறை ஸ்டீயரிங்கிலேயே இல்லாமற்போவதும் உண்டு. பின்அச்சைப் பிணைக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்தால், பின்சக்கரங்கள் தாமே வண்டியைத் திருப்பும். ஓட்டுநர் முன்னே குறை தேடுவார். பின்அச்சுக்கு அப்பால் நீளும் பகுதியில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றினாலும் முன்பக்கம் எடையிழந்து, ஸ்டீயரிங் இலேசாகி, டயர்களின் பிடிமானம் குறையும். அவ்வாறு வரும் அலைவை எந்தப் புதிய உறுப்பும் தீர்க்காது.

குறை கண்ட இணைப்பைப் புதிதாக மாற்றுவதே முறை. வளைந்த டை ராடைச் சூடேற்றி நிமிர்த்துவதும், முறிந்ததை வெல்டு வைத்து ஒட்டுவதும் கூடா; வெப்பம் பட்ட எஃகு தன் பழைய வலிமையில் நில்லாது. புதிய முனையைப் பொருத்தியபின் நட்டின் பள்ளமும் முளையின் துளையும் நேர்ப்படாவிட்டால், நட்டைத் தளர்த்தாமல் சற்றே முடுக்கி நேர்ப்படுத்தவேண்டும். பழைய ஸ்பிளிட் பின்னையே நிமிர்த்தி மீண்டும் இடலாகாது. சில ரூபாய் விலையுள்ள அச்சிறு கம்பியே நட்டு கழலாமல் காப்பது. பின்னர்ச் சக்கர நேரமைப்பைச் சரிசெய்து, வெறும் வண்டியாக ஒருமுறையும் சரக்கேற்றி ஒருமுறையும் ஓட்டிப் பார்த்து, திரும்பி வந்ததும் நட்டுகளையும் பின்களையும் மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்த பின்னரே வண்டி உரியவரிடம் ஒப்படைக்கப்படும்.