மொட்டை மாடி யாருடையது?

சென்னையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஒரு கிலோவாட் சோலார் போட்டால் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கிடைக்கும்; 3 கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 720 யூனிட். செலவு இரண்டு லட்சத்தை ஒட்டி வரும். 2024-இல் மத்திய அரசு கொண்டுவந்த சூரிய வீடு திட்டத்தின் மானியம் 78,000 ரூபாய் போனால், கையிலிருந்து ஒன்றேகால் லட்சம். "நாலே வருஷத்துல போட்ட பணம் வந்துடும் சார்" என்பார்கள் விற்பவர்கள். அது உண்மையா என்பது உங்கள் கரண்ட் பில்லைப் பொறுத்தது.

2024 ஜூலைக் கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஏசி ஓடும் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் என்றால் பில் சுமார் 7,000 ரூபாய். அதில் 720 யூனிட்டை சோலார் கழித்துவிட்டால், மிச்சமுள்ள 280 யூனிட்டுக்கு 610 ரூபாய்தான். முதலில் கழிவது 10.70, 9.65 ரூபாய் என்று விலை ஏறிக்கிடக்கும் மேல்தட்டு யூனிட்டுகள். மொத்தமும் 500-க்குக் கீழே வந்துவிடுவதால் கீழ்த்தட்டின் விலையும் குறைகிறது. யூனிட் கட்டணத்தில் மட்டும் வருஷத்துக்கு 38,000 ரூபாய் மிச்சம். இந்த வீட்டுக்கு விற்பவர் சொல்வது சரியே.

ஏசி இல்லாமல் 400 யூனிட்டில் குடும்பம் நடத்துகிறவருக்கு வருவதே 1,175 ரூபாய் பில். முதல் 100 யூனிட்டை அரசே ஏற்றுக்கொள்கிறது. அவரும் அதே 3 கிலோவாட்டை வாங்கினால், பில் முழுசாகப் பூஜ்யமானாலும் போட்ட பணம் திரும்பப் பதினேழு வருஷம் ஆகும். அவருக்கு ஒரு கிலோவாட் போதும். மானியம் 30,000 போக நாற்பது, நாற்பத்தைந்தாயிரத்தில் முடிந்தால் ஏழெட்டு வருஷத்தில் முதல் வந்துவிடும். கமிஷன் குறையும் என்பதால் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்தது இடம். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி, அதுவும் நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். மாடிப்படிக் கூரை, தண்ணீர் தொட்டி, பக்கத்து வீட்டுத் தென்னை எல்லாம் எந்த நேரத்தில் எங்கே நிழல் போடுகின்றன என்று காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை ஒருநாள் மாடியில் பார்த்துவிட வேண்டும். தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துவிடக்கூடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக்காற்று. நல்ல துத்தநாகப் பூச்சு இல்லாத இரும்புச் சட்டம் சீக்கிரம் துருவேறும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த அடியைப் பார்த்த ஊர் இது; சட்டத்தைத் தளத்தோடு எப்படிப் பிணைக்கிறார்கள் என்று நின்று பார்ப்பது அவசியம். கழுவ போர் தண்ணீரை ஊற்றினால் காய்ந்ததும் கண்ணாடிமேல் வெள்ளையாக உப்புப் படியும். நல்ல தண்ணீரில், வெயில் ஏறுமுன் துடைப்பதே சரி.

இன்னொன்று, கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் மீது உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. புயல் நாளிலும் விளக்கெரிய வேண்டுமானால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தனியாக வாங்க வேண்டும். பணம் கட்டும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

இத்தனையும் தனி வீட்டுக்காரர் கதை. சென்னையில் லட்சக்கணக்கானோர் இருப்பது அடுக்குமாடி வீடுகளில். அங்கே மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. ஒருவர் பேனல் வைக்கப் போனால் சங்கத்தில் சண்டை. வாடகை வீடென்றால் பேச்சே இல்லை. பில் கட்டுவது குடியிருப்பவர், மாடி உரிமையாளருடையது.

ஒரு வழி இப்போதே இருக்கிறது. லிப்ட், மோட்டார், மாடிப்படி விளக்குக்கான பொது மீட்டருக்கு வீடுகளுக்குள்ள இலவச யூனிட் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே காசு. அங்கே சோலார் தரும் ஒவ்வொரு யூனிட்டும் முழு லாபம். சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் உண்டு. மோட்டாரைப் பகலில் ஓடவிட்டால் கிடைக்கிற மின்சாரம் அங்கேயே செலவாகும். மாதப் பராமரிப்புத் தொகை குறைவதால் எல்லா வீட்டுக்கும் பயன். சங்கக் கூட்டத்தில் தயங்காமல் எடுத்துவைக்கலாம்.

ஆனால் ஒவ்வொரு வீட்டு பில்லும் குறைய வேண்டுமென்றால், ஒரே இடத்தில் உற்பத்தியாவதைப் பங்கு பிரித்துப் பல மீட்டர்களில் கழிக்கும் முறை வேண்டும். பேனல் அந்தக் கட்டடத்திலேயே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு 2019-லேயே விதி வகுத்தது. மாடியில் உரிமையில்லாத வாடகைக்காரரும் அதில் பங்கு வாங்க வழி செய்யலாம். தமிழக மின்வாரியம் நம் அடுக்ககங்கள் எல்லாவற்றுக்கும் இதை எட்டச் செய்ய வேண்டும். அடுத்த கோடை பில் வருவதற்குள் செய்தால் நல்லது.