ஸ்பானியம் படிக்கிறேன் – 6: யாரை எழுப்புகிறாய்?

மணி பார்த்துச் சொல்லப் பழகிய கையோடு இந்த வாரம் வீட்டுப்பாடம் வந்தது: ‘எழுந்ததிலிருந்து படுக்கும்வரை தினமும் நீ செய்வதைப் பத்து வாக்கியத்தில் எழுதி வா.’ இதில் என்ன கஷ்டம் என்று எழுதிக்கொண்டு போனேன்.

முதல் வாக்கியம்: ‘யோ தெஸ்பியெர்தோ ஆ லாஸ் சேய்ஸ்.’ ஆறு மணிக்கு விழிக்கிறேன் என்று எழுதியதாக நினைப்பு. மத்ரித்காரரான ஆசிரியை நிமிர்ந்து பார்த்து, ‘ஆ கியேன்?’ என்றார். யாரை?

நான் எழுதியது ‘எழுப்புகிறேன்’ ஆகிவிட்டதாம். நானே விழிப்பதென்றால் முன்னால் ‘மே’ என்ற ஓரெழுத்துச் சொல் வர வேண்டும்: ‘மே தெஸ்பியெர்தோ’. வெறும் ‘அக்குவெஸ்தோ’ என்றால் குழந்தையையோ வேறு யாரையோ படுக்க வைக்கிறேன். ‘மே அக்குவெஸ்தோ’ என்றால் நான் படுக்கிறேன்.

என் இலக்கணப் புத்தகம் ஆங்கிலத்தில் எழுதியது. ‘என்னை நானே எழுப்புகிறேன், என்னை நானே உடுத்துகிறேன்’ என்று அது விளக்கியதைப் படித்தபோது கிறுக்குத்தனமாகப் பட்டது. மறுநாள் கண்ணாடி முன் நின்றபோதுதான் பொறி தட்டியது. ‘மே பெய்னோ’ என்றால் தலை வாரிக்கொள்கிறேன். ‘மே விஸ்தோ’ என்றால் உடுத்திக்கொள்கிறேன். அட, இது நம்ம ‘கொள்’! எல்லா இடத்திலும் பொருந்தாது. குளிப்பதற்கு நமக்குக் ‘கொள்’ தேவையில்லை, அவர்கள் ‘மே துச்சோ’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் பள்ளியில் உருப்போட்ட தன்வினை, பிறவினைக்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு வேலை கிடைத்தது.

அடுத்து, வரிக்கு வரி நான் போட்டிருந்த ‘யோ’வை ஆசிரியை அடித்துக்கொண்டே வந்தார். ‘நான்’ எதற்கு? வினையின் வால் ‘ஓ’ என்று முடிவதே ஆளைக் காட்டிவிடுகிறது, நம்முடைய ‘ஏன்’ மாதிரி. ‘என் கைகளைக் கழுவுகிறேன்’ என்று எழுதியிருந்ததில் ‘என்’ போயிற்று. ‘மே லாவோ லாஸ் மானோஸ்’ போதும். நாமும் ‘கை கழுவினேன்’ என்றுதானே சொல்கிறோம்? இரண்டு பிழையும் ஆங்கிலத்தில் யோசித்த வினை.

அப்படியானால் தமிழிலேயே யோசிப்போம் என்று ‘மாலை ஐந்தரைக்கு நடக்கப் போவேன்’ என்பதை அப்படியே எதிர்காலத்தில் வைத்தேன். ‘எப்போதிலிருந்து? நாளையிலிருந்தா?’ என்று சிரித்தார். தமிழில் வழக்கத்தைச் சொல்ல எதிர்காலம் உதவும். அங்கே அது தீர்மானமாகிவிடும். அன்றாட வழக்கத்துக்கு நிகழ்காலம்தான். ‘வழக்கமாக’ என்று அழுத்த வேண்டுமானால் அதற்கென்றே ‘சுவேலோ’ என்று ஒரு வினை இருக்கிறது: ‘சுவேலோ மாத்ருகார்’, வழக்கமாக விடியலில் எழுவேன். ஆம், சீக்கிரம் எழுவதற்கே தனியாக ஒரு வினைச்சொல், ‘மாத்ருகார்’!

இலக்கணம் திருந்திய பிறகும் ஒரு வரி அவரை உறுத்தியது: ‘ஏழரைக்கு இரவுச் சாப்பாடு.’ ‘ஆஸ்பத்திரியிலா இருக்கிறாய்?’ என்றார். ஸ்பெயினில் மதியச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு. இரவில் ஒன்பது, பத்துக்கு. ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு காரணம் கடிகாரத்திலேயே இருக்கிறது. வரைபடத்தில் ஸ்பெயின் லண்டனுக்கு நேர் கீழே, சற்று மேற்காகவே இருக்கிறது. 1940இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி பெர்லினோடு சேர்த்தது. பிறகு அது பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. கோடையில் இன்னொரு மணி நேரமும் கூடுவதால், மத்ரிதில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் இரண்டேகாலைத் தாண்டியிருக்கும். கடிகாரத்தை மறந்துவிட்டு நிழலைப் பார்த்தால், அவர்களும் உச்சிப்பொழுதில்தான் சாப்பிடுகிறார்கள்.

கடைசி வரியைத் திருத்தாமல் விட்டேன்: ‘மே அக்குவெஸ்தோ ஆ லாஸ் தியேஸ்.’ பத்து மணிக்குப் படுக்கிறேன். இலக்கணம் சரி என்று குறியிட்டுவிட்டு ஆசிரியை பக்கத்தில் எழுதினார்: ‘பாவம்.’

(அடுத்த வாரம்: நேற்று என்ன செய்தேன்? ஒரு நேற்றுக்கு இரண்டு கடந்தகாலம்!)