பெரிய எண்ணை நம்பி வாங்கினேன்

இவ்வாண்டு ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், அண்ணனின் மின்கித்தாரை நான் பாதி ஊமையாக்கினேன்.

கித்தாரின் முன்பக்கத் தகட்டில் பழைய ஸ்டிக்கர் ஒன்றின் பசை ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைப்பதற்காகத் தகட்டையே கழற்றினேன். அடியில் ஏதோ ஒரு கம்பி சிக்கியது. பார்க்காமல் இழுத்துவிட்டேன். மீண்டும் பொருத்தி ஒலிபெருக்கியுடன் இணைத்தபோது, கழுத்துப் பக்கத்து பிக்கப்பிலிருந்து சத்தமே வரவில்லை.

அண்ணன் தேசிய சேவையின்போது மாதப்படியைச் சேர்த்துவைத்து வாங்கிய கித்தார் அது. வேலைக்காக மெல்பர்ன் சென்றபோது, “பத்திரமா வெச்சுக்க” என்று சொல்லி என்னிடம் கொடுத்தார். பல்கலைக்கழகத்தில் எங்கள் குழுவின் இசை நிகழ்ச்சிக்கு இன்னும் ஐந்து வாரங்களே இருந்தன. ஒரு பாடலின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் நான் தனியாக வாசிக்கவேண்டும். கர்நாடக வாய்ப்பாட்டு பயின்ற தோழி பாடிக்காட்டியதை, தந்தியை இழுத்தும் அதன்மீது விரலை வழுக்கியும் வாசிக்கும் பகுதி அது. அதற்குத் தேவையான குழைவான ஒலி கழுத்துப் பக்கத்து பிக்கப்பில்தான் கிடைக்கும்.

அண்ணனிடம் சொல்லாமல் சரிசெய்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். அதற்கு இரண்டு பிக்கப்புகளும் நான்கு வாரங்களும் தேவைப்பட்டன.

உயர்நிலைப் பள்ளியில் படித்ததுதான்

நான் படிப்பது பொருளியல். இயற்பியலை உயர்நிலை நான்கோடு மூட்டை கட்டி வைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். ஆனால், பிக்கப் முழுக்க முழுக்க நாம் தேர்வுக்காக மனனம் செய்த மின்காந்தத் தூண்டல்தான். மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்த அதே விதி.

ஆறு தந்திகளுக்கும் நேர் கீழே ஆறு சிறு காந்தத் துண்டுகள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றித் தலைமுடி போன்ற மெல்லிய செம்புக் கம்பி 7,000 முதல் 8,000 முறை சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. கம்பிச்சுருளில் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. அதை ஒலிபெருக்கி பெரிதாக்குகிறது. ஒரே ஒரு சுருள் கொண்ட இவ்வகை பிக்கப்பைத்தான் ‘சிங்கிள் காயில்’ என்கிறோம். 1954இல் ஃபெண்டர் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரில் இப்படி மூன்று இருந்தன. அண்ணனின் கித்தாரும் அதே அமைப்பு. கர்நாடக இசைமேடையில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்த மின்மாண்டலினிலும் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கியது பிக்கப்தான்.

மூன்று பிக்கப்புகளும் வெவ்வேறு விதமாக ஒலிப்பதற்குக் காரணம் அவை இருக்கும் இடம். பிரிட்ஜுக்கு அருகில் தந்தி குறைவாகவே அசையும். ஒலி கூர்மையாக இருக்கும். கழுத்துப் பக்கத்தில் அசைவு அதிகம்; ஒலி உருண்டு, திரண்டு வரும். இந்த வேறுபாட்டை நான் அப்போது போதிய அளவு யோசிக்கவில்லை.

சிம் லிம் டவரில் ஒரு மல்டிமீட்டர் வாங்கிவந்து சோதித்தேன். மற்ற இரு பிக்கப்புகளும் ஏறக்குறைய 6 கிலோ ஓம் மின்தடை காட்டின. கழுத்துப் பக்கத்து பிக்கப் எந்த எண்ணையும் காட்டவில்லை. சுருளின் உட்புற முனை அறுந்திருந்தது. வெளிமுனையாக இருந்தால் பற்றவைத்துப் பார்த்திருக்கலாம். உள்முனை என்பதால் முழுச் சுருளையும் அவிழ்த்துப் புதிதாகச் சுற்றவேண்டும். எனவே, மாற்று பிக்கப் வாங்கத் தீர்மானித்தேன்.

ஆறைவிடப் பன்னிரண்டு பெரிது

பிக்கப் விற்பவர்கள் பலரும் தரும் தகவல் மின்தடை. அதிகச் சுற்று என்றால் அதிக மின்தடை, அதிக மின்தடை என்றால் பலமான ஒலி என்று படித்தேன். 6 கிலோ ஓம் உள்ள இடத்தில் 12 கிலோ ஓம் போட்டால் இரண்டு மடங்கு நன்றாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். துணைப்பாட வகுப்பு நடத்திச் சேர்த்த பணத்தில் 120 வெள்ளி கொடுத்து வாங்கினேன்.

என் அறையில் மூன்று மணி நேரம் போராடிப் பற்றவைத்தேன். கித்தாரை மீட்டினேன். சத்தம் உண்மையிலேயே பெரிதாக இருந்தது. ஆனால், தடித்த தந்திகளின் ஒலி போர்வைக்கு அடியிலிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்டது. அங்கிருந்து பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாற்றினால் யாரோ ஒலியைக் குறைத்துவிட்டதுபோல் இருந்தது. தந்தி ஏற்கெனவே அதிகம் அசையும் இடத்தில், ஒலியைக் கூட்டுவதற்கென்றே செய்யப்பட்ட பிக்கப்பை வைத்துவிட்டேன். அது பிரிட்ஜ் பக்கத்துக்காகத் தயாரிக்கப்பட்டது என்பது பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. பெரிய எண்ணைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் வந்தது. கழுத்துப் பக்கத்தையும் நடுவில் உள்ளதையும் சேர்த்து ஒலிக்கவைத்தால் ஒலி மெலிந்து, மூக்கடைத்ததுபோல் கேட்டது. எங்கள் குழுவில் பேஸ் கித்தார் வாசிக்கும் மூத்த மாணவரிடம் காட்டினேன்.

“ரெண்டும் எதிரெதிரா வேலை செய்யுது. புது பிக்கப்போட ரெண்டு கம்பியையும் இடம் மாத்திப் பாரு,” என்றார்.

மாற்றினேன். ஒலி நிறைந்தது, ஆனால் கூடவே ‘உம்ம்’ என்ற இரைச்சலும் வந்தது. சிங்கிள் காயில் பிக்கப் தந்தியை மட்டும் கேட்பதில்லை. சுவரில் ஓடும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் ஆன்டெனாபோல் பிடித்துக்கொள்ளும். இதைக் குறைக்க, பல கித்தார்களில் நடு பிக்கப்பின் காந்தத்தையும் சுற்றும் திசையையும் மற்ற இரண்டுக்கும் நேரெதிராக வைப்பார்கள். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவைக்கும்போது இசை கூடும். இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நான் வாங்கியதன் காந்தம், பழைய பிக்கப்பின் காந்தத்துக்குத் தலைகீழாக இருந்தது. கம்பியை மாற்றினால் சுருளின் திசை மாறுமே தவிர, காந்தத்தின் திசை மாறாது. அதனால் இசையும் கூடியது, இரைச்சலும் கூடியது.

மூத்த மாணவர் கேட்ட கேள்வி

“எத்தனை கிலோ ஓம்னு மட்டும்தான் பாத்தியா? உனக்கு எந்த மாதிரி சத்தம் வேணும்னு யோசிச்சியா?” என்று அவர் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

அதன்பிறகுதான் அந்த எண் எதைச் சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். மின்தடை கம்பியின் நீளத்தை மட்டும் பொறுத்ததன்று. அதே எண்ணிக்கையிலான சுற்றுகளை இன்னும் மெல்லிய கம்பியில் சுற்றினாலும் எண் கூடும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே செம்பின் மின்தடை ஏறக்குறைய 4 விழுக்காடு அதிகரிக்கும். குளிரூட்டப்பட்ட கடையில் 6.0 என்று காட்டும் பிக்கப், புளோக்கின் கீழ்த்தளத்தில் 6.2 என்று காட்டலாம். காந்தம் எவ்வளவு வலிமையானது என்பதை அந்த எண் சொல்வதே இல்லை. அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவை இரும்புடன் கலந்த ‘அல்நிக்கோ’ காந்தத்திலேயே பல வகைகள் உண்டு. ஐந்தாம் வகை வலிமையானது, துல்லியமாக ஒலிக்கும். இரண்டாம் வகை சற்று மென்மையானது.

பெனின்சுலா கடைத்தொகுதியில் உள்ள கித்தார் கடைகளுக்குச் சென்றேன். இம்முறை எண்ணைக் கேட்கவில்லை. நான் வாசிக்கவேண்டிய அந்த ஒரு நிமிடத்தை, மூன்று பிக்கப்புகள் உள்ள வெவ்வேறு கித்தார்களில் கழுத்துப் பக்கத்தில் வைத்து வாசித்துப் பார்த்தேன். தந்தியை இழுக்கும்போது சுரம் நடுவில் கரைந்துவிடாமல் இறுதிவரை தெளிவாகக் கேட்கவேண்டும். எனக்குத் தேவைப்பட்டது அதுதான். அல்நிக்கோ 5 காந்தம் கொண்ட, அதிகம் சுற்றப்படாத ஒரு பிக்கப்பில் அது கிடைத்தது. அதன் மின்தடை 5.9 கிலோ ஓம். ஏறக்குறைய பழையதன் அளவுதான்.

பணம் கொடுக்கும்முன் பழைய பிக்கப்பையும் புதியதையும் ஒவ்வொன்றாகச் சிறு திசைகாட்டியின் அருகே வைத்தேன். இரண்டுக்கும் ஊசி ஒரே பக்கம் திரும்பியது. முதல் பிக்கப்பைக் கரோசெல்லில் 80 வெள்ளிக்கு விற்றேன். இழந்தது 40 வெள்ளியும் ஒரு வார உறக்கமும்.

நீங்களும் மாற்றப் போகிறீர்களா?

முதலில் மல்டிமீட்டரால் சோதியுங்கள். பழுது பிக்கப்பில் இல்லாமல் விசையிலோ இணைப்பிலோ இருக்கலாம். கம்பிகளைக் கழற்றும்முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கப்போவது கழுத்துப் பக்கத்துக்கானதா, மற்ற இரண்டோடு வலிமையும் காந்தத் திசையும் ஒத்துப்போகுமா என்று கேளுங்கள். பற்றவைக்கும்போது சன்னலைத் திறந்துவையுங்கள். முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

பொருத்திய பிறகு உயரத்தையும் சரிபாருங்கள். கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்தினால், தடித்த தந்திக்கும் காந்தத்துக்கும் இடையே சுமார் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது நல்ல தொடக்கம். மிக அருகில் வைத்தால் காந்தம் தந்தியையே இழுத்து, சுருதியைக் குழப்பிவிடும். திருகாணியைக் கால் சுற்று திருப்பினாலே ஒலி மாறுவதைக் கேட்கலாம். இதற்குச் செலவே இல்லை. பல நேரங்களில் புதிய பிக்கப் தேவைப்படாமலும் போகலாம்.

நிகழ்ச்சி நல்லபடியாக முடிந்தது. அந்த ஒரு நிமிடத்தில் ஓர் இடத்தில் விரல் தவறியது. அதற்கு பிக்கப்பைக் குறைசொல்ல முடியாது.

அன்றிரவு அண்ணனை அழைத்து நடந்ததை எல்லாம் சொன்னேன். சற்று நேரம் அவர் எதுவும் பேசவில்லை. பிறகு, “புதுசு எத்தனை கிலோ ஓம்?” என்று கேட்டார்.

“அத விடுங்க அண்ணா. பதிவு அனுப்புறேன், கேட்டுட்டுச் சொல்லுங்க,” என்றேன்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. “நல்லா இருக்கு. பழசைத் தூக்கிப் போட்டுடாத.”

அறுந்த பிக்கப் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. விடுமுறையில் அண்ணன் வரும்போது, இருவரும் சேர்ந்து அதைச் சுற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறோம்.